கைக்கேற்ற கணையாழி

பாடம் 8 : உரைநடை

நுழையும்முன்

மாணவர்களே! நிச்சயதார்த்தம் நடைபெறும் வீட்டில் பூவும் பழமும் வெற்றிலைபாக்கும் நிறைந்த தட்டுகளுக்கு நடுவே ஒரு சிறு பெட்டி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதனுள் இருப்பது மோதிரம். அதன் அழகைப் பார்ப்போர் பலர். அதற்குரிய பணம் எவ்வாறு வந்தது, அது தீர எத்தனை மாதமாகும் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. மாத ஊதியத்தில் வாழும் ஒரு குடும்பம் கடன் வாங்காமல் மோதிரம் வாங்கும் வழியை இப்பாடம் கூறுகிறது. நாளை உங்கள் அண்ணனுக்கோ அக்காவுக்கோ மோதிரம் வாங்கச் செல்லும்போது, கடைக்காரர் தரும் விலைப்பட்டியலைப் பெற்றோருக்குப் படித்துச் சொல்லும் பொறுப்பு உங்களுக்கே வரலாம். அதற்கு இப்பாடம் துணையாகும்.

1. மோதிரம் என்னும் உறுதிமொழி

மோதிரத்திற்குத் தமிழில் ஆழி, கணையாழி என்னும் பெயர்களும் உண்டு. கம்பராமாயணத்தில் இராமன் தன் கணையாழியை அனுமனிடம் கொடுத்து அனுப்புகிறான். அசோகவனத்தில் அதைப் பெற்ற சீதை, வந்திருப்பவன் தன் கணவனின் தூதனே என்று நம்புகிறாள். அந்தக் கணையாழி அவளுக்கு உயிர் தந்தது. அதன் எடை என்ன என்று அவள் கேட்கவில்லை. மோதிரத்தின் முதற்பொருள் நம்பிக்கை என்பதை இக்காட்சி நமக்கு உணர்த்துகிறது.

மணவுறுதிக்கு மோதிரம் மாற்றிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே மிகப் பழமையானதன்று. சங்ககாலத் திருமணங்களை அகநானூற்றின் 86, 136 ஆகிய பாடல்கள் விரிவாகக் காட்டுகின்றன. பந்தல் உண்டு, புதுமணல் உண்டு, உறவினர்க்கு விருந்து உண்டு, மணமகளை நீராட்டி வாழ்த்தும் மகளிர் உண்டு. மோதிரம் மாற்றிய செய்தி அவற்றில் இல்லை.

அண்மைக் காலத்தில் மோதிரத்திற்குச் சட்டத்திலேயே இடம் கிடைத்தது. 1967ஆம் ஆண்டு, அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென 7அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. சுயமரியாதைத் திருமணங்கள் செல்லும் என அது உறுதி செய்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் மணமக்கள் ஒருவரை ஒருவர் ஏற்பதாக அறிவிக்கலாம். அல்லது மாலை மாற்றிக்கொள்ளலாம். அல்லது ஒருவர் விரலில் மற்றவர் மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். இவற்றுள் ஒன்று போதும். அம்மோதிரம் பொன்னால் ஆனதாக இருக்கவேண்டும் என்றோ இத்தனை கிராம் இருக்கவேண்டும் என்றோ அச்சட்டம் கூறவில்லை. மணமக்களின் ஒப்புதலுக்கு ஒரு மோதிரம் அடையாளமாக நின்றால் போதும் என்பதே அதன் கருத்து.

2. அளவுகோலை யார் தந்தார்?

பண்டைய உரோமில் மணவுறுதிக்கு இரும்பு மோதிரம் அனுப்பும் வழக்கம் இருந்ததை முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் அறிஞர் குறித்துள்ளார். அப்படியானால், 'இத்தனை விலையில் மோதிரம் வாங்கினால்தான் மதிப்பு' என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது?

அவ்வெண்ணம் பெருமளவு விளம்பரத்தின் வழியே பரவியது. தென்னாப்பிரிக்காவில் வைரச் சுரங்கங்களை நடத்திய டி பியர்ஸ் நிறுவனத்திற்காக, 1947ஆம் ஆண்டு ஒரு விளம்பர நிறுவனத்தில் பணிபுரிந்த பிரான்சிஸ் ஜெரட்டி என்னும் பெண்மணி ஒற்றை வரி விளம்பரம் ஒன்றை எழுதினார். வைரமோதிரம் இன்றித் திருமணமே இல்லை என்று அமெரிக்க மக்கள் பலர் எண்ணும் அளவுக்கு அவ்விளம்பரங்கள் வேரூன்றின. பின்னர் 1980களில், இரண்டு மாத ஊதியத்தை மோதிரத்திற்குச் செலவிடலாம் என்றும் அந்நிறுவனம் விளம்பரம் செய்தது. விற்பவர் வகுத்த அளவுகோல், வாங்குபவரின் மரபாகிவிட்டது.

நம்மிடையே அந்த அளவுகோல் வேறு வடிவில் வருகிறது. "அவர்கள் வீட்டில் அரைப் பவுன் போட்டார்கள்" என்னும் பேச்சாக வருகிறது. இரண்டிலும் ஒரு குறை உண்டு. வாங்குபவரின் கையில் என்ன இருக்கிறது என்று இரண்டும் கேட்பதில்லை.

திருக்குறளின் 48ஆம் அதிகாரம் வலியறிதல். வருவாய் சிறிதாயினும், செலவு அதனினும் பெருகாதவரை கேடில்லை என்னும் கருத்தை அங்குக் காணலாம். மோதிரத்திற்கு அளவுகோலாக அமைய வேண்டியது இக்கருத்தே.

3. பொம்மசந்திராவில் ஒரு வீடு

பெங்களூருவின் தென்கோடியில், ஓசூர் சாலையை ஒட்டி அமைந்தது பொம்மசந்திரா தொழிற்பேட்டை. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த தமிழர் பலர் இப்பகுதியில் வாழ்கின்றனர். அங்கு வரிசை வீடு ஒன்றில் வாழும் குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். அண்ணன் ஒரு தொழிற்சாலையில் எந்திரம் இயக்குபவர். மாத ஊதியம் 18,000 ரூபாய். தங்கை ஒன்பதாம் வகுப்பு மாணவி. அண்ணனுக்கு மணம் பேசியுள்ளனர். இப்போது பங்குனி மாதம். நிச்சயதார்த்தம் தை மாதத்தில். ஊரிலிருந்து தாய்மாமன் வந்திருக்கிறார்.

மாமா : மாப்பிள்ளை, பெண்ணுக்கு நான்கு கிராமுக்குக் குறையாமல் கல் வைத்த மோதிரம் போடவேண்டும். நம் பக்கத்து ஆட்கள் பார்ப்பார்கள். மோதிரத்திற்கும் பட்டுச்சேலைக்குமாக ஐம்பதாயிரம் கடன் வாங்கிக்கொள். மூன்று வட்டிக்குத் தர ஆள் இருக்கிறது.

அம்மா : வட்டிக்கு வாங்குவானேன், அண்ணா? என் கம்மலை அடகு வைத்துவிடலாம்.

அண்ணன் : அம்மா, அடகும் கடன்தானே? அப்பாவின் மருத்துவத்திற்கு வாங்கிய கடன் சென்ற மாதந்தான் தீர்ந்தது. அன்று நீங்கள் நிம்மதியாக உறங்கியதை நான் பார்த்தேன்.

தங்கை : மாமா, மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். ஐம்பதாயிரத்திற்கு மாதம் 1,500 ரூபாய். ஓராண்டுக்கு 18,000 ரூபாய். அது அண்ணனின் ஒரு மாதச் சம்பளம்! அதைக் கட்டிய பிறகும் முதல் ஐம்பதாயிரம் அப்படியே நிற்கும்.

மாமா : (சற்று நேரம் பேசாமலிருந்து) ஆண்டுக்கு முப்பத்தாறு விழுக்காடா? நான் மாதக் கணக்கிலேயே பார்த்துப் பழகிவிட்டேன், பாப்பா. அதற்காக வெறுங்கையோடு போய் நிற்க முடியுமா?

அண்ணன் : வெறுங்கையோடு போகவேண்டாம், மாமா. என்னிடம் 5,000 ரூபாய் இருக்கிறது. சித்திரை முதல் மார்கழி வரை ஒன்பது மாதம். மாதம் 2,000 சேர்த்தால் 18,000. ஆக மொத்தம் 23,000 ரூபாய். மோதிரத்திற்கு அதுதான் எல்லை.

தங்கை : பொன்விலை ஏறிவிட்டால் என்ன செய்வது, அண்ணா?

அண்ணன் : எடையைக் குறைப்போம். தொகையைக் கூட்டமாட்டோம்.

அம்மா : பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ?

அண்ணன் : பெண்ணிடமே கேட்டேன், அம்மா. ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுதும் தையல் எந்திரத்தில் வேலை செய்கிறவர். கல் வைத்த மோதிரம் நூலில் மாட்டும், பட்டையாக ஒன்று இருந்தால் நாள்தோறும் போட்டுக்கொள்ளலாம் என்றார். கடன் உண்டா என்றும் கேட்டார். இல்லை என்றேன். அதைக் கேட்டபின்தான் சிரித்தார்.

அன்றிரவு மாமா மேலும் வற்புறுத்தவில்லை. ஊருக்குப் புறப்படும்போது, "மார்கழியில் கடைக்குப் போகும் நாளைச் சொல், நானும் வருகிறேன்" என்று மட்டும் கூறினார்.

4. பணம் சேர்க்கும் வழிகள்

அண்ணன் கூறியவற்றுள் இன்றியமையாதது ஒன்று: தொகை நிலையானது, எடை மாறலாம். கடைக்குள் சென்றபின் தொகையை முடிவு செய்தால், கண்ணில் படும் ஒவ்வொரு மோதிரமும் அத்தொகையைச் சற்றே உயர்த்தும். ஆகவே வீட்டிலேயே தொகையை எழுதி வைத்துவிட வேண்டும்.

சேர்க்கும் வழிகள் பல. வங்கியில் தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கி மாதந்தோறும் செலுத்தலாம். வங்கியில் ஒருவர் வைத்துள்ள தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. நகைக்கடைகள் நடத்தும் நகைச்சீட்டிலும் சேரலாம். அவை பெரும்பாலும் 11 மாதத் திட்டங்களாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு நிறுவனம் முன்பணம் பெற்று 365 நாள்களுக்குள் பொருள் தராவிட்டால், அப்பணத்தை வைப்புத்தொகையாகக் கருதக் கம்பெனிச் சட்ட விதிகள் இடமளிக்கின்றன. நகைச்சீட்டில் சேதாரத்தில் சலுகை கிடைக்கலாம். ஆனால் கடை மூடப்பட்டால் வங்கியில் உள்ளது போன்ற காப்பீடு கிடையாது. ஆகவே விதிகளை முழுதும் படித்து, பணமாகத் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டறிந்த பின்னரே சேரவேண்டும்.

வீட்டில் உடைந்த கம்மலோ ஒற்றைத் தோடோ இருந்தால் அதுவும் மூலதனமே. அதைக் கண்முன்னே எடை போடச் செய்து, தூய்மையைச் சோதித்து, புது மோதிரத்திற்கு ஈடாகக் கொடுக்கலாம்.

5. பட்டியலைப் படித்தல்

மார்கழியில் அக்குடும்பம் கடைக்குப் புறப்படுகிறது. 2025 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கப்பட்ட மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை செல்கிறது. அங்கிருந்து பச்சை வழித்தடத்தில் மாறினால் நகைக்கடைகள் நிறைந்த சிக்பேட்டையை அடையலாம். ஒரே நாளில் மூன்று கடைகளிலாவது விலை கேட்பது நல்லது.

கணக்கை எளிதாக்க, 22 காரட் பொன் ஒரு கிராம் 10,000 ரூபாய் எனக் கொள்வோம். இஃது எடுத்துக்காட்டு விலை மட்டுமே.

முதல் மோதிரம் : 4 கிராம், வேலைப்பாடு மிக்கது.
பொன்னின் விலை 40,000
செய்கூலி, சேதாரம் 14 விழுக்காடு 5,600
சரக்கு மற்றும் சேவை வரி 3 விழுக்காடு 1,368
முத்திரைக் கட்டணம் 45 ரூபாயும் அதற்கான வரியும் 53
மொத்தம் 47,021 ரூபாய்

இரண்டாம் மோதிரம் : 2 கிராம், வேலைப்பாடு இல்லாத பட்டை.
பொன்னின் விலை 20,000
செய்கூலி, சேதாரம் 8 விழுக்காடு 1,600
சரக்கு மற்றும் சேவை வரி 3 விழுக்காடு 648
முத்திரைக் கட்டணமும் வரியும் 53
மொத்தம் 22,301 ரூபாய்

இரண்டாம் மோதிரம் அண்ணனின் எல்லைக்குள் அடங்குகிறது. 699 ரூபாய் மிஞ்சுகிறது. வேலைப்பாடு குறையக் குறையச் செய்கூலியும் சேதாரமும் குறைவதைக் காண்க. பிற்காலத்தில் மோதிரத்தை விற்க நேர்ந்தால் பொன்னுக்குத்தான் விலை கிடைக்கும். செய்கூலியும் சேதாரமும் வரியும் திரும்பி வாரா.

ஒரு கிராம் 11,000 ரூபாயாக உயர்ந்தால் என்ன ஆகும்? அதே 23,000 ரூபாய்க்கு ஏறத்தாழ 1.87 கிராம் மோதிரமே கிடைக்கும். இங்கு ஒரு செய்தியை நினைவில் கொள்ளவேண்டும். பொன்நகைக்குத் தரமுத்திரை இடுவது 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு அக்கட்டாயம் இல்லை. குறைந்த தொகையில் வாங்குவோரே மெல்லிய மோதிரத்தை நாடுவர்; அவர்களே ஏமாறவும் கூடும். ஆகவே அவர்கள் முத்திரை உள்ள மோதிரத்தையே கேட்டுப் பெறவேண்டும்.

மற்றொரு வழியும் உண்டு. 18 காரட் பொன்னில் 2 கிராம் வாங்கலாம். 22 காரட் 11,000 ரூபாய் எனின் 18 காரட் ஏறத்தாழ 9,000 ரூபாய். அதே 8 விழுக்காட்டுச் சேதாரத்தோடும் வரியோடும் கணக்கிட்டால் 20,076 ரூபாய் ஆகிறது. முத்திரையும் கட்டாயமாகிறது. 18 காரட் பொன் சற்று உறுதியானதும்கூட. அதனினும் குறைந்த தொகையே கையில் உள்ளோர் 925 தரமுள்ள வெள்ளி மோதிரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் குறைவு ஏதுமில்லை.

பட்டியலில் பார்க்க வேண்டியவை:

அ) தூய்மை : 22 காரட் எனில் 916, 18 காரட் எனில் 750, 14 காரட் எனில் 585 என்னும் எண் இருக்கும்.
ஆ) முத்திரை : இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோணச் சின்னம், தூய்மை எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க அடையாளக் குறியீடு ஆகிய மூன்றும் மோதிரத்தின் உட்புறத்தில் இருக்கவேண்டும். இந்த ஆறிலக்கக் குறியீடு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அதை 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் கைப்பேசிச் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம்.
இ) நிகர எடை : கல் வைத்த மோதிரமாயின் கல்லின் எடையைக் கழித்த பின்னரே பொன்னுக்கு விலை போடவேண்டும்.
ஈ) கட்டணங்கள் : செய்கூலி, சேதாரம், முத்திரைக் கட்டணம், வரி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதித் தரக் கேட்கவேண்டும்.
உ) விரல் அளவு : அணிபவரின் விரலை மாலை வேளையில் நூலால் அளந்து செல்லவேண்டும். வெயிலில் விரல் சற்றுத் தடிப்பதும் குளிரில் மெலிவதும் இயல்பு.

6. நிறைவாக

தை மாதத்தில் அண்ணன் அணிவிக்கும் மோதிரம் இரண்டு கிராம்தான். ஆனால் அதன் ஒவ்வொரு மில்லிகிராமும் ஒன்பது மாத உழைப்பால் வந்தது. மாசி மாதம் பிறக்கும்போது யாரும் வட்டி கேட்டு அவ்வீட்டு வாயிலில் நிற்கமாட்டார். அம்மாவின் கம்மல் அம்மாவின் காதில் இருக்கும். புதுவாழ்வு தொடங்கும் இருவர் தம் முதல் மாத ஊதியத்தைத் தீராக் கடனுக்குக் கட்டாமல், அரிசிக்கும் வாடகைக்கும் சேமிப்புக்கும் செலவிடுவர். மோதிரம் தரும் உறுதிமொழி, 'நான் உன்னைக் காப்பேன்' என்பதாயின், அவ்வுறுதிமொழி காக்கப்படத் தொடங்குவது கடன் வாங்காத அந்த நாளிலேயே.

அறிந்துகொள்வோம்

கர்நாடகத்தில் பொன் எடுத்த தமிழர் : கோலார் தங்கவயலில் 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழர் பலர் அங்கு உழைத்தனர். 1902இல் சிவசமுத்திர அருவியிலிருந்து அங்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டரைக் கடந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது.

தமிழும் கன்னடமும் : தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரமாக ஒலிப்பதுண்டு. பால் – ஹாலு, பத்து – ஹத்து, புலி – ஹுலி, பொன் – ஹொன்னு. பொன்னைக் குறிக்கக் கன்னடத்தார் இன்று மிகுதியாக வழங்கும் சொல் 'சின்ன' என்பது. தமிழில் அச்சொல்லுக்குச் சிறிய என்று பொருள்!

சொற்பொருள்

கணையாழி – மோதிரம்
ஊதியம் – சம்பளம்
அடகு – பொருளை ஈடாக வைத்துப் பணம் பெறுதல்
செய்கூலி – நகை செய்வதற்கான கூலி
சேதாரம் – நகை செய்யும்போது குறையும் பொன்னுக்கான ஈடு
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கைக் குறிக்கும் அளவு
பவுன் – 8 கிராம்

இலக்கணக் குறிப்பு

சேர்த்த பணம் – பெயரெச்சம்
தீராக் கடன் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
வரவுசெலவு – உம்மைத்தொகை
பொன்மோதிரம் – மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை
புணர்ச்சி : பொன் + காசு = பொற்காசு; பொன் + குடம் = பொற்குடம்; பொன் + மோதிரம் = பொன்மோதிரம். வல்லினம் வரும்போது னகரம் றகரமாகத் திரிவதையும், மெல்லினம் வரும்போது திரியாமல் நிற்பதையும் காண்க.

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. 22 காரட் பொன்னைக் குறிக்கும் தூய்மை எண் ______.
2. சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கிய சட்டத்திருத்தம் நிறைவேறிய ஆண்டு ______.
3. ______ கிராமுக்குக் குறைந்த நகைக்கு முத்திரை கட்டாயமன்று.

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளி.
1. 'மூன்று வட்டி' என்பதை ஆண்டு விழுக்காட்டில் கூறுக.
2. நகைச்சீட்டுகள் பெரும்பாலும் 11 மாதத் திட்டங்களாக இருப்பது ஏன்?
3. மணப்பெண் பட்டை மோதிரத்தை விரும்பியதற்குக் காரணம் யாது?

இ. விரிவான விடையளி.
1. 'தொகை நிலையானது, எடை மாறலாம்' – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
2. மாமா கூறியதில் உள்ள அக்கறையையும் அதில் உள்ள இடரையும் நும் சொற்களில் எழுதுக.

ஈ. கணக்கிடுக.
கல் வைத்த மோதிரம் ஒன்றின் மொத்த எடை 3.2 கிராம், கல்லின் எடை 0.4 கிராம். பொன் கிராமுக்கு 10,000 ரூபாய் எனின், பொன்னின் விலை எவ்வளவு? கல்லின் எடையைக் கழிக்காவிட்டால் எவ்வளவு மிகுதியாகக் கொடுக்க நேரும்?

உ. மொழிப்பயிற்சி.
1. 'ஆழி' என்னும் சொல் மோதிரம், சக்கரம், கடல் ஆகிய பொருள்களைத் தரும். ஒவ்வொரு பொருளிலும் ஒரு தொடர் அமைக்க.
2. பகரம் ஹகரமாகும் மேலும் மூன்று சொற்களை உங்கள் கன்னட நண்பரிடம் கேட்டு எழுதுக.

ஊ. செயல்பாடு.
வீட்டில் உள்ள ஏதேனும் ஒரு விலைப்பட்டியலைப் பெற்றோருடன் சேர்ந்து படித்து, அதில் பொருளின் விலை எது, வரி எது, பிற கட்டணம் எது எனப் பிரித்துத் தமிழில் எழுதி வருக.